ஒலி உதவி: அன்வர் பாட்சா

ஹபீஸா பழிவாங்குவது என்று முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சமையல் மேடையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது. அன்றுதான் ஜெர்சித் தமிழர்களின் நாடகக் குழுவின் இருபதாம் ஆண்டு மலர் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், நூற்று நாற்பது பக்கம், அதில் பாதிக்குமேல் ரியல் எஸ்டேட் ஏஜென்டுகளும் பல் டாக்டர்களும் கொடுத்த விளம்பரம். நடுவில், இதுவரை மேடையேறிய பதினோரு நாடகங்களின் பட்டியல். பதினொன்றுக்கும் நேரே "எழுத்து, இயக்கம்: குமாரசாமி" என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், நாற்காலி அடுக்கியவர்களுக்கும் சாம்பார் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒலி உதவி: அன்வர் பாட்சா.

அந்தப் பதினோரு நாடகங்களையும் எழுதியவர் அன்வர் பாட்சா. ஹபீஸாவின் புருஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மனுஷன் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, மைக் பெட்டியைக் காரிலிருந்து இறக்கக் கை கொடுத்திருக்கிறார். பதினான்கு வருஷத்து எழுத்து போய், அந்தப் பெட்டி மட்டும் அவர் பெயரில் மிஞ்சியிருந்தது.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் குமாரசாமிக்குப் போன் போட்டாள். அவர் பதறவில்லை. குமாரசாமி எதற்கும் பதறுகிற ஜாதி இல்லை. மருந்துக் கம்பெனியில் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மான்மவுத் ஜங்ஷனில் ஐந்து பெட்ரூம் வீடு, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை. குழுவைத் தொடங்கியவர் அவர்தான், அன்று முதல் இன்றுவரை தலைவரும் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். மனு கொடுக்கும் கடைசித் தேதி, அந்தத் தேதி முடிந்த மறுநாள் வாட்ஸாப்பில் அறிவிக்கப்படும். ஏன் என்று கேட்டவர்களைப் பிறகு அந்த வாட்ஸாப் குழுவில் பார்க்க முடியாது.

"டீம் வொர்க்தானேம்மா," என்றார் குமாரசாமி. "யார் எதை எழுதினாங்கன்னு பிரிச்சுப் பாக்க முடியுமா? பாய் இருந்திருந்தா இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டார்."

கடைசியில் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்வர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிற மனுஷன். அவருக்கும் சேர்த்து அவள்தான் நாள் முழுக்கக் கோபப்பட வேண்டியிருந்தது. அவர் செத்தபிறகும் அந்த வேலை அவள் தலையில்தான் விழுந்தது. சரி சார் என்று சொல்லிப் போனை வைத்தாள். இந்த ஆள் பல்லைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மீதிக் கேரட்டை நறுக்கினாள்.

அன்வர் பாட்சா அதிராம்பட்டினத்துக்காரர். நியூ பிரன்ஸ்விக்கில் ரயிலேறி நியூவர்க்கில் இறங்கி ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது தொழில். போகும்போதும் வரும்போதும், ஆபீசில் தூக்கிப்போட்ட பிரிண்ட் தாள்களின் முதுகில் நாடகம் எழுதுவார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சோவியத் தலைவர்களையும் அவர்களுடைய போர் நாயகர்களையும் வைத்துக் கிண்டலடிக்கிற படங்கள். சாவும் சிறையும் பயமும் நிறைந்த படங்களாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். ஈஸ்ட் பிரன்ஸ்விக் நூலகத்தில் அந்த வகையறாவில் இருந்த டிஸ்க்குகள் எல்லாவற்றையும் இரண்டு சுற்று பார்த்து முடித்திருந்தார். மெத்தையில் புரண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். மனுசன் சாவுறான், இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு என்று ஹபீஸா கேட்பாள்.

"சாவுறதுக்கு இல்ல புள்ள," என்பார். "பயந்தவன் எவ்வளவு மரியாதையா நடந்துக்கிறான் பாரு. அதுக்குச் சிரிக்கிறேன்."

நாடகக் குழுவின் கூட்டத்துக்குப் போய்வரும் நாளெல்லாம் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும். இன்னைக்கும் எல்லாமே ஏகமனதா முடிஞ்சுது, மாஸ்கோவுலகூட எவனாவது ஒருத்தன் கை தூக்க மறந்திருப்பான் என்பார். அவ்வளவு தெரிந்த மனுஷன் ஏன் அந்தக் குமாரசாமிக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பது ஹபீஸாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரிடம் கேட்டால், மேடை அவரிடம்தானே இருக்கிறது என்று பதில் வரும்.

அவர் கடைசியாக எழுதியது நாடகமல்ல, ஒரு குறும்படக் கதை. ஒரு சோவியத் மார்ஷல், வெள்ளைக் குதிரையில் போய்ப் போரை ஜெயிக்கிறான். வெற்றியைப் படமாக எடுக்கிறார்கள். மக்கள் மார்ஷலைக் கொண்டாட ஆரம்பித்ததும் தலைவருக்கு வயிறு எரிகிறது. படத்திலிருந்து மார்ஷலை வெட்டச் சொல்கிறார். வெட்டுகிறார்கள். ஆனால் குதிரையை வெட்டச் சொல்லித் தலைவர் உத்தரவு போடவில்லை. உத்தரவில்லாமல் குதிரையை வெட்ட எவனுக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் படத்தில் குதிரை தனியாகப் போய்ப் போரை ஜெயிக்கிறது. மக்கள் குதிரைக்குச் சல்யூட் அடிக்கிறார்கள். மந்திரிகள் குதிரையிடம் கையெழுத்து வாங்கக் கோப்போடு வரிசையில் நிற்கிறார்கள். மார்ஷல் லாயத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் குதிரைக்குச் சல்யூட் அடிப்பதோடு கதை முடியும்.

மலர் வந்து மூன்று வாரத்தில் குமாரசாமி அழைத்தார். ஆண்டு விழாவுக்கு ஒரு படம் எடுக்கப் போகிறாராம். ரொம்ப நாள் கனவாம். ஒரு சோவியத் மார்ஷலின் வீர வரலாறு. எழுத்து, இயக்கம், மார்ஷல் வேஷம், மூன்றும் அவரே. பாய்க்கு ஓர் அஞ்சலியாக இருக்கட்டும், ஹபீஸாவே எடிட் பண்ணித் தர வேண்டும் என்றார். அஞ்சலிக்குச் சம்பளம் ஏது, சும்மாதான் செய்ய வேண்டும்.

ஹபீஸாவுக்கு எடிட்டிங் தெரியும். வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்து, நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்த வருஷங்களில் தானாகக் கற்றுக்கொண்டது. இப்போது சென்ட்ரல் ஜெர்சியில் பாதிக் கல்யாணங்களும் அரங்கேற்றங்களும் அவள் வீட்டு பேஸ்மென்டில்தான் ஒழுங்குக்கு வருகின்றன. மாப்பிள்ளையின் மாமா தூங்கி வழிந்ததை வெட்டி, பெண்ணின் அத்தை முகம் சுளித்ததை வெட்டி, இரண்டு குடும்பங்களையும் சேர்த்து வைப்பவள் அவள்.

அஞ்சலி என்ற சொல்லை அவர் சொன்னபோதே அவளுக்குத் திட்டம் முளைத்துவிட்டது. "கண்டிப்பா பண்றேன் சார்," என்றாள். அவ்வளவு இனிப்பாகத் தன் குரல் வரும் என்று அவளுக்கே தெரியாது.

படம்பிடித்து முடித்ததும் கேமராவின் மெமரி கார்டுகள் வந்தன. போட்டுப் பார்த்தாள். தலைவர் வேஷத்தில் எடிசனிலிருந்து ஓர் இதய டாக்டர், பசை மீசையோடு, குமாரசாமியை மகனே என்று கட்டிக்கொள்கிறார். வெட்டுவதும் இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அன்வரின் கதையிலிருந்து முதுகெலும்பை உருவிவிட்டு, மிச்சத்துக்கு ராணுவ உடுப்பு மாட்டியிருந்தார்கள். குமாரசாமியின் நெஞ்சு நிறையப் பதக்கங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அவை குழுவினரின் பிள்ளைகள் நீச்சல் போட்டியிலும் ஸ்பெல்லிங் போட்டியிலும் வாங்கியவை. ஃப்ரீஹோல்ட் பக்கம் ஒரு பண்ணையில் வெள்ளைக் குதிரை ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அறுபத்தைந்து வயதுக்காரரை ஏற்றினால் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று பண்ணைக்காரி ஏறவிடவில்லை. மார்ஷல் குதிரையின் பக்கத்தில் நின்றபடியே போர் முழுவதையும் நடத்தினார். நடுநடுவே கேமராவை நிறுத்த மறந்துபோயிருந்தார்கள். ஐம்பது நிமிஷம் குதிரை மட்டும் தனியாக இருந்தது. புல் தின்றது, தும்மியது, வாலால் ஈ ஓட்டியது, கேமராவைப் பார்த்து அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த ஐம்பது நிமிஷத்தைப் பார்த்ததும் ஹபீஸா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்வர் சொல்லிக்கொண்டே இருப்பார், ஷாட்டுகளை அடுத்தடுத்து ஒட்டுவது ரஷ்யாக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று. ஒரே முகம்தான். அடுத்த ஷாட்டில் ஒரு கிண்ணம் கஞ்சியைக் காட்டினால் அந்த முகத்தில் பசி தெரியும், சவப்பெட்டியைக் காட்டினால் துக்கம் தெரியும். முகத்துக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது, பக்கத்தில் எதை வைக்கிறோமோ அதுதான் அர்த்தம். ஹபீஸா குமாரசாமியின் முகத்துக்குப் பக்கத்தில் குதிரையை வைத்தாள்.

தினமும் காலையில் தொழுதுவிட்டு, டீயோடு பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவாள். வேறு வேலைகளை எல்லாம் தள்ளிப்போட்டாள். "என் வீரர்களே, உங்கள் கண்களில் நெருப்பைப் பார்க்கிறேன்" என்று குமாரசாமி முழங்குவார்; குதிரை புல்லை மெல்லும். "தாய்நாட்டுக்காக உயிரைத் தருவது யார்?" குதிரை தும்மும். தலைவர் பதக்கம் குத்தக் கை நீட்டுவார். க்ளோசப்பில், நீச்சல், பேக்ஸ்ட்ரோக், இரண்டாம் பரிசு. கொஞ்சம் கொஞ்சமாகக் குமாரசாமியின் ஷாட்டுகளைக் குறைத்துக் குதிரையின் ஷாட்டுகளைக் கூட்டினாள். கடைசிப் பத்து நிமிஷத்தில் மார்ஷலின் குரல் மட்டும் கேட்கும், திரையில் குதிரைதான் இருக்கும். அவர் பேசிய ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. அன்வர் எழுதிய கதை அப்படியே திரும்பி வந்துவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு ஹபீஸா பேஸ்மென்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பழிவாங்குவது இவ்வளவு சுகமான வேலை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஆனால் குமாரசாமியை அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். சபை சிரித்தால் அந்தச் சிரிப்பையும் தனதென்று எடுத்து ஜேபியில் போட்டுக்கொள்கிற ஆள். அதற்கு ஒரு பூட்டு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் அன்வர் இந்தக் கதையைக் குமாரசாமிக்குப் படித்துக் காட்டியதை, அப்போது பதினேழு வயதில் இருந்த மகள் நதா போனில் பிடித்து வைத்திருந்தாள். நாற்பது நிமிஷம். அந்தப் போன் எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. வீடியோ ஹபீஸாவின் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மட்டும் இருந்தது. இதயம் தாங்காதென்று அவர் போனபிறகு அதைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். அன்வர் தலைவராக இருமினார், மந்திரிகளாகப் பதில் இருமல் இருமினார், குதிரையாகக் கனைத்தார், தன் வசனத்துக்குத் தானே சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் குமாரசாமியின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாய், எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா காமெடி வேணாம். யாருக்கும் புரியாது. குடும்பமா வர்ற ஜனங்க, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க." இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஹபீஸா மேஜையைத் தட்டினாள்.

வீடியோ அங்கே முடியவில்லை. அன்வர் சிரித்துக்கொண்டே தாள்களை அடுக்கிக் குமாரசாமியிடம் நீட்டினார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க சார். எழுத்துன்னு உங்க பேரையே போட்டுக்கங்க. எனக்குப் படம் வந்தாப் போதும்." பிறகு கேமராவைப் பார்த்தார். "நதாம்மா, போதும்டா, கை வலிக்கப் போவுது. வெச்சிட்டு வா, உம்மா சோறும் ஆணமும் ஆறிப்போவுதுன்னு கத்துறா."

ஹபீஸா திரையை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்து தண்ணீர் குடித்தாள். கொடுத்திருக்கிறார். தன் வாயாலேயே கொடுத்திருக்கிறார். பாவி மனுஷன், செத்தபிறகும் அந்த ஆளுக்கு வக்கீலாக வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் பேஸ்மென்டுக்கு இறங்கவில்லை. மலரை மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ஒரு கதையைக் கொடுத்தார் சரி, மற்ற பதினொன்றையும் யார் கொடுத்தது? கேட்டிருந்தால் அவற்றையும் கொடுத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லையே. மூன்றாம் நாள் இறங்கிப் போய், நாற்பது நிமிஷத்திலிருந்து நாலு நிமிஷத்தைப் பொறுக்கியெடுத்து, "ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்ற இடத்தில் வெட்டினாள். கல்யாண வீடியோவில் வெட்டுகிற மாதிரி, தையல் தெரியாமல்.

படம் எப்படி வந்திருக்கிறது என்று குமாரசாமி இரண்டு முறை கேட்டார். நேரா பெரிய திரையில பாருங்க சார், அப்பதான் சர்ப்ரைஸா இருக்கும் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. தன் முகத்தை வைத்து யாராவது தவறாக எதையாவது செய்துவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆண்டு விழா ஒரு ஞாயிறு மதியம், ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. முந்நூறு பேர். குமாரசாமி முதல் வரிசையில் பட்டு ஜிப்பாவில் இருந்தார். ஹபீஸா கடைசி வரிசைக்குப் பின்னால் லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்குமாக உட்கார்ந்திருந்தாள். கல்லூரியிலிருந்து நதா வந்திருந்தாள்; அம்மாவின் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

முதல் குதிரை ஷாட்டுக்கு நாலைந்து பேர்தான் சிரித்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலைவரின் பின்மண்டையைப் பார்த்தார்கள். தும்மலுக்குப் பாதி அரங்கம் உடைந்தது. பேக்ஸ்ட்ரோக் பதக்கத்துக்கு, அதை வாங்கிய பையனின் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். கடைசிப் பத்து நிமிஷம் குமாரசாமியின் முழக்கம் எதுவும் யார் காதிலும் விழவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஹபீஸா திரையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் அந்த ஜிப்பாவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு பசி எடுத்ததில்லை.

அவள் நினைத்த மாதிரியே நடந்தது. படம் முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் குமாரசாமி மேடையேறி மைக்கைப் பிடித்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். "சிரிச்சீங்களா? அதுதான் எனக்கு வேணும்," என்றார். "சோவியத் யூனியன் பத்தி டார்க் காமெடி. நம்ம ஊர்ல யாரும் தொடாத சப்ஜெக்ட். சீரியஸா நடிச்சு, எடிட்டிங்ல காமெடி ஆக்கணும்னு எழுதும்போதே நான் ப்ளான் பண்ணிட்டேன்." மறுபடி கைதட்டினார்கள். அவர் கும்பிட்டார்.

ஹபீஸா ஒரு பட்டனைத் தட்டினாள். திரை மறுபடி வெளிச்சமானது. அவர்கள் வீட்டுச் சமையலறை, மேஜை, அன்வர் பாட்சா. தேதி ஓரத்தில் இருந்தது. அன்வர் இருமினார், கனைத்தார், குதிரை தனியாகப் போரை ஜெயித்தது, மந்திரிகள் கோப்போடு நின்றார்கள். அரங்கம் முதலில் திகைத்தது, பிறகு அவரோடு சேர்ந்து சிரித்தது. அப்புறம் குமாரசாமியின் குரல். காமெடி வேணாம், யாருக்கும் புரியாது, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. திரை இருண்டு, வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. எழுத்து: அன்வர் பாட்சா.

சிரித்த சிரிப்பில் நாற்காலிகள் ஆடின. மேடையில் நின்றவரை நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். இருபது வருஷமாகச் சிரிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். நதா மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

குமாரசாமி மைக்கை விடவில்லை. "பாய்தான் என் பேரைப் போட்டுக்கச் சொன்னார்," என்றார். "சத்தியமா சொன்னார். இதே வீடியோவுல அடுத்து அதைத்தான் சொல்றார்." அந்த மேடையில் அவர் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். ஒருவர்கூட நம்பவில்லை. நாடகத்தின் அடுத்த காட்சி என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

குழுவின் செயலாளர் முகிலன், நியாயஸ்தன் என்று பெயரெடுத்த இளைஞன், எழுந்து கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பினான். "ஆன்ட்டி, இதுக்கப்புறம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

முந்நூறு தலைகள் திரும்பின. ஹபீஸா எழுந்து நின்றாள். "இல்ல தம்பி," என்றாள். "அவ்வளவுதான் இருக்கு."

குமாரசாமி மைக்கைக் கீழே வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதையில் அவளை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முப்பது வரிசை. வழியில் யாரோ எழுந்து சிரித்துக்கொண்டே அவர் கையைக் குலுக்கினார்கள், உதறிவிட்டு நடந்தார். ஹபீஸா உட்கார்ந்தாள். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாள். நாற்பது நிமிஷத்து வீடியோ அதன் தேதியோடு அங்கே இருந்தது. அந்த ஆள் இப்போது வந்து திறக்கச் சொல்வார், முகிலனும் கூட நிற்பான், அன்வர் தாளை நீட்டிச் சிரிப்பார், எல்லாம் போய்விடும். கொடுக்க மாட்டேன் என்று அவள் உதடு அசைந்தது. அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். நிச்சயமா என்று லேப்டாப் கேட்டது. நிச்சயம் என்று தட்டினாள்.

குமாரசாமி மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். முகிலனும் பார்த்தான். சமையலறையில் எடுத்ததில், திரையில் வந்த நாலு நிமிஷத்தைத் தவிர எதுவும் இல்லை. குமாரசாமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, விளங்கியதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் விளங்கியது.

"நல்லா வெட்டுறேம்மா," என்றார் தாழ்ந்த குரலில். முதல்முறையாக அவளை நீ என்று சொன்னார்.

"கத்துக்குடுத்தது நீங்கதானே சார்," என்றாள் ஹபீஸா.

அவர் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. அதற்குள் வாட்ஸாப் குழுவிலிருந்து அவராகவே விலகிவிட்டதாக யாரோ சொன்னார்கள். இருபது வருஷத்தில் தானாக விலகிய முதல் ஆள். பிரியாணி வரிசையில் ஆளாளுக்கு வந்து ஹபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மலரில் பதினொன்றுக்கும் பாய் பெயரைப் போட்டு விடுவதாக முகிலன் வாக்குக் கொடுத்தான். விழா முழுவதையும் படம்பிடித்த கார்டுகளை அவளிடமே தந்து, கேமராவோடு இவற்றையும் இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும், இப்போதே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ஹார்ட் டிஸ்க் எப்போதும் நிறைந்து வழிகிற டிஸ்க். அன்வரின் வீடியோ காலி செய்த இடம் மட்டும் இருந்தது. அவள் இரண்டாம் தட்டு பிரியாணி சாப்பிட்டு முடிப்பதற்குள் குமாரசாமியின் அவமானம் மொத்தமும் அந்த இடத்தில் ஏறி நிரம்பிவிட்டது.

திரும்பும்போது ரூட் 18-ல் நெரிசல். ஹபீஸா ஓட்டினாள். நெஞ்சு லேசாக இருந்தது, பாட்டுகூடப் பாடலாம் போலிருந்தது. நதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பேசுவது மட்டும் ஆங்கிலம். வாப்பா சிரிப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது என்றாள். அந்த வீடியோ முழுவதையும் எனக்கு அனுப்புவாயா என்று கேட்டாள். கதைக்காக இல்லை, யார் பெயர் போட்டால் என்ன, அந்தச் சண்டையெல்லாம் அவளுக்கு வேண்டாம். கடைசியில் அவர் அவளைப் பார்த்துப் பேசுவார், நதாம்மா என்பார், கை வலிக்கும் வெச்சிட்டு வா என்பார். அது மட்டும் போதும். அவளை அப்படிக் கூப்பிட்டது வேறெதிலும் பதிவாகவில்லை, தேடிப் பார்த்துவிட்டாள்.

சிக்னல் விழுந்து, பச்சையாகி, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தபிறகுதான் ஹபீஸா வண்டியை எடுத்தாள். அழித்ததை மீட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு, அவளே கல்யாண வீடியோக்களை அப்படி மீட்டிருக்கிறாள். மேலே வேறெதுவும் ஏறாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

"அது இல்லம்மா," என்றாள்.

"இல்லன்னா?" என்று கேட்டாள் நதா. தமிழில் கேட்டாள்.

"நான்தான் அழிச்சேன்."

நதா திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. அடுத்த சிக்னலும் சிவப்பாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் அன்வர் பாட்சாவிடமிருந்து என்னென்னவோ எடுத்துக்கொண்ட குமாரசாமிகூட அவர் குரலில் கை வைத்ததில்லை. அதைச் செய்தது ஹபீஸா.